குளிர்நாட்டு வாத்துக் கொட்டில்

பனி பெய்யும் நாடுகளில் வீட்டுப் புறக்கடையில் வாத்து வளர்ப்போர், குளிருக்கு அஞ்சிக் கொட்டிலின் துளைகளையெல்லாம் அடைத்துவிடுவது உண்டு. அன்பினால் செய்யும் இச்செயலே வாத்துக்குக் கேடாகிறது என்பதை இங்கு விளக்க விரும்புகிறேன்.

வாத்துக்கு இயற்கை தந்த காப்புப் பெரிது. இறகுகளின் அடியிலுள்ள மென்தூவி காற்றைத் தேக்கி உடல் வெப்பத்தைக் காக்கிறது. காலுக்கு இறங்கும் சூடான இரத்தம், மேலேறும் குளிர்ந்த இரத்தத்திற்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. விலங்கியல் வகுப்பில் நாம் பயிலும் எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம் இதுவே. 1873-இல் சீனாவிலிருந்து அமெரிக்கா சென்ற பெக்கின் வாத்து, அங்குள்ள பனிக்காலத்தைத் தாங்குகிறது. வெப்ப மண்டலத்தைச் சேர்ந்த மஸ்கவி வாத்துக்கோ முகத்துச் செஞ்சதை உறைபனியில் கருகக்கூடும்.

உண்மைப் பகை ஈரமே. வாத்தின் எச்சத்தில் நீர் மிகுதி. மூச்சிலும் ஈரம் உண்டு. அடைத்த கொட்டிலில் அது கூரையில் படிந்து சொட்டி வைக்கோலை நனைக்கும். நனைந்து அழுக்கேறிய தூவி வெப்பம் காக்காது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் தாக்கும்.

ஆகவே, காற்றுவழி வாத்தின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி இருத்தல் வேண்டும். மரநாய், நரி நுழையாதபடி அதற்குக் கம்பிவலை வேண்டும். தரையில் உலர்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பி, நனைந்ததை அகற்ற வேண்டும். மூக்குத்துளை மூழ்குமளவு ஆழமான நீர்த்தொட்டியைப் பகலில் வெளியே வைத்து, உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெப்ப விளக்கு வைக்கோலில் விழுந்தால் தீப்பிடிக்கும். வளர்ந்த வாத்துக்கு அது பெரும்பாலும் தேவையில்லை.

கொட்டிலுள் குனிந்து பார்க்கும்போது நம் கண் எரிந்தால், அங்கே இரவெல்லாம் கிடக்கும் வாத்தின் நிலை என்ன? அதனை எண்ணிச் சாளரத்தைத் திறப்பவரே நல்ல வளர்ப்பாளர் என்பேன்.