எடை குறைந்த குழந்தை: ஊட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் அடிக்கடி கூறும் குறைகளுள் ஒன்று, "குழந்தை எதுவுமே சாப்பிடுவதில்லை" என்பது. இதைச் சொல்லும் தாயின் முகத்தில் கவலையோடு ஒருவகைக் குற்ற உணர்வும் தெரியும். பக்கத்து வீட்டுக் குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது, ஊருக்குப் போனால் உறவினர்கள் "பிள்ளைக்குச் சோறே போடுவதில்லையா?" என்று கேட்கிறார்கள். குழந்தையின் எடையைத் தாயின் மதிப்பெண் பட்டியலாகக் கருதும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உள்ளது. அந்த நெருக்குதல் தாயிடமிருந்து குழந்தைக்குச் சோற்றுருண்டை வடிவில் போய்ச் சேர்கிறது.

எனவே முதலில் எடையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 3 கிலோ எடையுடன் பிறந்த குழந்தை முதல் ஆண்டின் முடிவில் 9 கிலோவை எட்டும். அதாவது ஒரே ஆண்டில் 6 கிலோ கூடுகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது ஏறத்தாழ இரண்டரை கிலோ மட்டுமே. அதன் பிறகு பள்ளி செல்லும் வயது வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கிலோ. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிகிறது. முதல் பிறந்தநாளுக்குப் பிறகு "முன்பு நன்றாகச் சாப்பிட்டான், இப்போது வாயைத் திறப்பதே இல்லை" என்று பெற்றோர் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இயல்பான மாற்றமே.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் குழந்தையின் எடையையும் உயரத்தையும் குறித்துப் பார்த்தால் உண்மை நிலை விளங்கும். அவ்வரைபடத்தின்படி 3 வயது நிறைந்த பெண் குழந்தையின் நடுத்தர எடை 13.9 கிலோ. 10.8 கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் அது எடைக்குறைவு. இடைப்பட்ட எடையில் உள்ள குழந்தை தன் கோட்டை ஒட்டியே சீராக வளர்ந்து, ஓடியாடி விளையாடுமானால், அதன் மெலிவு பெற்றோரின் உடல்வாகாகவும் இருக்கலாம். மாறாக, கோட்டை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே வரும் எடை எங்களைக் கவலைப்படச் செய்யும். உயரமும் உடன் நின்றுவிட்டாலோ, விடாத வயிற்றுப்போக்கு, அடிக்கடி காய்ச்சல், மூச்சிரைப்பு, மெல்லுவதிலும் விழுங்குவதிலும் சிரமம் ஆகியவை இருந்தாலோ, வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்தாலோ, உணவு முறையை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல் பரிசோதனைக்கு வர வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையின் நடுச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. உடனடிச் சிகிச்சை தேவை.

சொத்தைப் பல்லும் மலச்சிக்கலும் பெற்றோர் எண்ணிப் பார்க்காத காரணங்கள். பல் வலிக்கும் குழந்தை மெல்லாது. நான்கு நாள் மலம் கழிக்காத குழந்தைக்குப் பசிக்காது.

இனி, நாங்கள் மிகுதியாகக் காணும் காரணத்துக்கு வருவோம். அது பால். மூன்று வயது, 11.2 கிலோ எடை, சோறு, காய், முட்டை எதையும் தொடாத ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். காலையில் எழுந்ததும் ஒரு புட்டி, "சாப்பிடவில்லையே, பாலாவது குடிக்கட்டும்" என்று முற்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று, இரவில் இரண்டு. மொத்தம் ஒரு லிட்டர். ஒரு லிட்டர் பசும்பாலில் சர்க்கரை சேர்க்காமலேயே 600 கலோரிக்குக் குறையாது. அவ்வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 1,000 முதல் 1,100 கலோரிதான். பாதிப் பசியைப் பாலே அடைத்துவிட்டபின் சோற்றுக்கு எங்கே இடம்? அதோடு பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பிற உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் அது தடுக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தசோகை. இரத்தசோகை வந்தால் பசி மேலும் குறையும், குழந்தை மீண்டும் பாலையே நாடும். இந்தச் சுழற்சியை உடைக்கப் பாலை நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லி லிட்டருக்குள் நிறுத்தி, புட்டியை விலக்கி, தம்ளரில், உணவுக்குப் பின் கொடுக்க வேண்டும். முதல் நான்கைந்து நாட்கள் வீடே அமளிப்படும். பாட்டி, தாத்தா உட்பட அனைவரும் ஒத்துழைத்தால் மட்டுமே இது நிறைவேறும்.

அடுத்தது வற்புறுத்தல். மூக்கைப் பிடித்தோ, படுக்க வைத்தோ ஊட்டுவது உணவை மூச்சுக்குழாய்க்குள் தள்ளிவிடும் ஆபத்து உடையது. அவ்வாறு செய்யாத வீடுகளிலும் ஒரு மணி நேரம் பின்தொடர்ந்து ஓடி ஊட்டுவதும், கைப்பேசியைக் காட்டி வாயைத் திறக்க வைப்பதும் உண்டு. திரையைப் பார்த்தபடி விழுங்கும் குழந்தை தன் பசியையும் நிறைவையும் உணரப் பழகுவதில்லை. "டாக்டரிடம் சொல்லி ஊசி போடுவேன்" என்ற மிரட்டலின் பயன் எங்களுக்கே வந்து சேர்கிறது: உள்ளே நுழைந்ததும் அக்குழந்தை அலறும் அலறலில் எடைகூடப் பார்க்க முடிவதில்லை.

என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். எவ்வளவு என்பதைக் குழந்தைக்கு விட்டுவிடுங்கள். மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு சிற்றுண்டி. இவற்றுக்கு நடுவே தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம், பிஸ்கட்டும் கூடாது. அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடலாம். முகம் சுளிக்கவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்பதற்குப் பத்து முறைக்கு மேலும் தட்டில் வைத்துக் காட்ட வேண்டியிருக்கும். இரண்டாம் முறையிலேயே "இதைத் தொடமாட்டாள்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வீட்டார் அனைவரும் உடன் அமர்ந்து உண்பதும், சிந்தினாலும் பரவாயில்லை என்று தன் கையாலேயே உண்ண விடுவதும் பெரிதும் உதவும்.

குறைவாக உண்ணும் குழந்தைக்கு அந்தக் குறைந்த அளவிலேயே சத்து அடங்கியிருக்க வேண்டும். எளிதில் இறங்குகிறது என்று தெளிந்த ரசத்தில் கரைத்த சோற்றை மட்டும் கொடுத்தால் வயிறு நீரால் நிரம்பும். அதே அளவு சோற்றில் கெட்டிப் பருப்பைப் பிசைந்து ஒரு தேக்கரண்டி நெய் விட்டால், நெய்யில் மட்டும் ஏறத்தாழ 40 கலோரி கூடுகிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதமும் 70 கலோரியும் உண்டு. தோசையில் முட்டையையோ துருவிய பனீரையோ பரப்பலாம். இட்லிக்கு நல்லெண்ணெய் குழைத்த எள்ளுப் பொடி, தயிர்சாதத்தில் மசித்த உருளைக்கிழங்கு, முள் நீக்கிய மீன், சுண்டல், வாழைப்பழம் எல்லாம் நல்லவையே. வேர்க்கடலையைச் சிறு குழந்தைகளுக்கு முழுதாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். பொடித்தோ அரைத்தோ கொடுங்கள். சத்துமாவுக் கஞ்சியும் நீர்க்கக் காய்ச்சினால் பயன் குறைவு. ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு அனைத்தையும் மிக்ஸியில் அரைத்துக் கொடுப்பது மெல்லும் பழக்கத்தையே தடுத்துவிடும்.

ஊட்டச்சத்துப் பானப் பொடிகளைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். பலவற்றில் சர்க்கரை முதல் வரிகளிலேயே இருக்கும். இத்தகைய பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. இனிப்பினால் கூடும் எடை கொழுப்பாகவே சேரும், தசையாக மாறாது. பசியைத் தூண்டும் மருந்துகளில் பொதுவாக உள்ள சைப்ரோஹெப்டடின் தூக்கத்தை வரவழைக்கக் கூடியது. அதை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். இரும்புச்சத்து மருந்து தேவைப்பட்டால் அளவை நாங்கள் எழுதித் தருவோம். அதைப் பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில், ஒரு வயது நிறைந்த பிள்ளைகளுக்கு அளிக்கப்படும் மருந்தைத் தவறவிடாதீர்கள்.

எடையை வாரந்தோறும் பார்த்து வருந்த வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, அதே எடைக்கருவியில் போதும். மேற்சொன்ன வயதில் மாதத்திற்கு 200 முதல் 300 கிராம் கூடினாலே நல்ல முன்னேற்றம். பரிசோதனைக்கு வரும்போது தடுப்பூசி அட்டையையும், பழைய எடைக் குறிப்புகளையும், மூன்று நாட்களில் குழந்தை உண்டது, குடித்தது அனைத்தையும் நேரத்துடன் எழுதிய தாளையும் கொண்டு வாருங்கள். இடையே கொடுத்த அரை தம்ளர் பாலையும் அதில் எழுதுங்கள்.