ஆட்டிசம்: சட்டம் தரும் உரிமை, பெற்றோர் தரும் துணை

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறான்."

"விடும்மா, அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்."

பல வீடுகளில் இந்தப் பேச்சிலேயே ஒன்றிரண்டு வருஷம் ஓடிவிடுகிறது. ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு வேறுபாடு. பேசுவது, பழகுவது, சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்குவது போன்றவற்றில் அது வெளிப்படும். அம்மா சரியாக வளர்க்காததால் வருவதில்லை. யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் வந்தவுடன் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

பெற்றோர் கேட்டு வாங்கிய சட்டம்

1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1991-ல் டெல்லியில் மெர்ரி பரூவா என்ற தாய் தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' போன்ற அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்தன. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளிலும் அது உண்டு.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. கோட்டூர்புரம் 'வித்யாசாகர்' அமைப்பை 1985-ல் தொடங்கிய பூனம் நடராஜனும் மாற்றுத்திறன் கொண்ட ஒரு மகனின் தாய்தான். பின்னாளில் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அடையாள அட்டை: 'ஸ்வாவ்லம்பன்' இணையதளத்தில் செல்போனிலேயே யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று தயாராக இருக்கட்டும். பிறகு அரசு மருத்துவமனையில் மதிப்பீடு நடக்கும். இதற்கான இந்திய அளவுகோலில் 40 கேள்விகள் உள்ளன. குழந்தை வீட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அங்கே பதற்றத்தில் பாதி மறந்துபோகும். சான்றிதழில் காலாவதித் தேதி இருந்தால் குறித்து வையுங்கள்.

2. காப்பீடு: தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. சேர மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. தொடர் தெரபிச் செலவுக்கும் இதில் இடமுண்டு.

3. பள்ளி: 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு என்று சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. அருகில் உள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். "எங்க ஸ்கூல்ல முடியாதுங்க" என்று அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

4. பயணம்: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் துணையாளருக்கும் கட்டணம் இல்லை.

18 வயது ஆகும்போது

இதைத்தான் பலரும் கடைசி நேரத்தில் தெரிந்துகொள்கிறார்கள். பிள்ளைக்கு 18 முடிந்ததும், அவர் சார்பில் கையெழுத்திடும் உரிமை பெற்றோருக்குத் தானாகத் தொடராது. வங்கிக் கணக்கு, சொத்து விஷயங்களில் சிக்கல் வரும்.

தேவைப்பட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் சட்டபூர்வப் பாதுகாவலராக நியமிக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் சொத்து விவரம் தர வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். பிள்ளையின் சொத்துக்கு அதுவே காவல். ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் பாதுகாவலர் தேவை என்று அர்த்தமில்லை. சொந்தமாக முடிவெடுக்க முடிந்தவருக்கு அந்த உரிமை அவருடையதே.

தனியாக இருக்காதீர்கள்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் எந்தத் தெரபி மையத்தின் வாசலில் உட்கார்ந்தாலும், அங்கே காத்திருக்கும் பெற்றோரிடம் ஒரு பெரிய அனுபவம் இருக்கும். எந்த முடிதிருத்துபவர் பொறுமையாக வெட்டுவார், எந்த நேரத்தில் பூங்காவில் கூட்டம் இருக்காது, சான்றிதழுக்கு எந்தக் காகிதம் கேட்பார்கள்... எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். மாதம் ஒருமுறை நேரிலும் சந்தியுங்கள். ஒருவர் அலுவலகத்துக்குப் போகும்போது இன்னொருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளியிலோ அலுவலகத்திலோ கோரிக்கை வைக்கும்போது ஒரு குரலைவிட ஐந்து குரலுக்கு எடை அதிகம்.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ரங்கநாதன் தெரு நெரிசலிலோ அறுபத்துமூவர் விழாக் கூட்டத்திலோ ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டால், அது அடம் அல்ல; சத்தம் தாங்கவில்லை என்று பொருள். சுற்றி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள். கொஞ்சம் விலகி இடம் விடுங்கள். "ஏதாவது உதவி வேணுமாங்க?" என்று அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளைக்கு இப்போது 17 வயது என்றால், ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டிய நாளை இன்றே செல்போன் காலண்டரில் போட்டு வையுங்கள்.