குற்றாலம் சீசன்ல படம் விக்குது, கையில காசு ஏன் நிக்கல? கைவேலைக் கலைஞர்களுக்கு ஒரு முழுக் கணக்கு



இந்த வார வீடியோவில் வேகமாகச் சொன்ன கணக்கை, நிதானமாகப் படிக்கிற மாதிரி இங்கே எழுதியிருக்கேன். ஓவியம், மரவேலை, பாய், பொம்மை, பனையோலைப் பொருள் என்று கையால் செஞ்சு நீங்களே விற்கிறவரா? பேப்பர், பேனா எடுத்துக்கிட்டு உட்காருங்க.

குற்றாலம் பக்கம் ஒரு அக்கா. கேன்வாஸில் அருவி, சித்திர சபை, வயல் எல்லாம் வரைவாங்க. (அனுமதியோடு எழுதறேன், சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) அருவிக்கரை ஊரில் பிறந்து, சுவரெல்லாம் ஓவியமா இருக்கிற சித்திர சபையைப் பார்த்து வளர்ந்த கை. படம் அருமையா இருக்கும். வேலை செய்ய வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போடணும், மூணு லட்சம் லோன் வேணும்னு வங்கிக்குப் போயிருக்காங்க. "ரெண்டு வருஷ ஐடிஆர் இருக்கா?" என்று கேட்டிருக்காங்க. இல்லை. விற்ற காசெல்லாம் வீட்டுக்காரர் நம்பருக்கு யுபிஐயில் வந்திருக்கு. எட்டு வருஷமா சம்பாதிக்கிறவங்களுக்கு, காகிதத்தில் வருமானமே கிடையாது.

என்கிட்ட வந்து சொன்னது இதுதான்: "சீசன்ல நல்லாத்தான் போவுது தம்பி. ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்கு."

ஏன் நிக்கலைன்னு ஒவ்வொண்ணா பார்த்தோம்.

1. விலை: முதல் ஓட்டை இங்கேதான்

16-க்கு 20 அங்குல படம் ஒண்ணு 2,000 ரூபாய்க்கு விற்றுக்கிட்டு இருந்தாங்க. செலவை எழுதச் சொன்னேன்.

கேன்வாஸ் 350, பெயின்ட் 250, வார்னிஷும் பிரஷ் தேய்மானமும் 80, ஃபிரேம் 600, பேக்கிங் 150. மொத்தம் 1,430 ரூபாய்.

மிச்சம் 570. ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கேட்டேன். யோசிச்சு, "பதினாலு மணி நேரம் ஆவும்" என்றாங்க. 570-ஐ 14-ஆல வகுத்தா மணிக்கு 41 ரூபாய் கூட வரலை. ஏழு மணி நேரத்தை ஒரு நாள்னு வெச்சா நாளுக்கு 285. தமிழ்நாட்டில் 2025-26-க்கு நூறு நாள் வேலைக் கூலியே 336 ரூபாய். அந்தக் கணக்கைப் பார்த்துட்டு அக்கா ரொம்ப நேரம் பேசலை.

சரியான விலை எப்படிப் போடுறது?

பொருள் செலவு 1,430. உழைப்பு: மணிக்கு 125 என்று வெச்சா 14 மணி நேரத்துக்கு 1,750. கூட்டினா 3,180. கரன்ட், போன், விற்காம தங்குறது, உடையறது இதுக்கெல்லாம் 15% சேர்த்தா 3,657. நேரடி விலை 3,700-ன்னு வைக்கலாம். மணிக்கு 125-ங்கிறது என்னோட ஆரம்ப எண்தான். உங்க அனுபவத்துக்கும் பெயருக்கும் தகுந்தபடி அது ஏறணும்.

அடுத்தது கமிஷன் கணக்கு. கடையில் வெச்சு விற்க 30% கமிஷன் கேட்கிறாங்கன்னு வைங்க. நிறையப் பேர் 3,657 மேல 30% ஏத்தி 4,754-க்குக் கொடுக்கிறாங்க. கடைக்காரர் 30% எடுக்கிறது விற்பனை விலையில. 4,754-ல அவர் பங்கு 1,426. உங்க கைக்கு 3,328-தான். ஒரு படத்துக்கு 329 ரூபாய் போச்சு. சரியான வழி: 3,657-ஐ 0.70-ஆல வகுக்கணும். 5,224 வரும். அதைக் கொஞ்சம் ரவுண்டு பண்ணி 5,250.

"அந்த விலைக்கு யாரு வாங்குவா?" நியாயமான கேள்வி. எல்லாருக்கும் ஒரே பொருளை விற்க வேண்டாம். குளிச்சுட்டு பஸ் ஏறப் போற குடும்பத்துக்கு 150 ரூபாய் அச்சுப் பிரதி. வீட்டுச் சுவருக்குத் தேடுறவருக்கு 3,700 ரூபாய் அசல். பெயர், தேதி போட்டுக் கேட்கிறவருக்கு அதுக்கு மேல. பத்தமடைப் பாய் தெரியும்ல? சேரன்மகாதேவி பக்கம், புவிசார் குறியீடு வாங்கின கோரைப்பாய். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து கொடுப்பாங்க. கோரை அதே கோரைதான், ஆனா பெயர் ஏறினதும் அந்தப் பாய்க்கு வேற கடையில மாற்று கிடையாது. அதுக்குத் தனி விலை கேட்கத் தயங்காதீங்க.

2. சீசன் காசு பன்னிரண்டு மாசத்துக்கு

குற்றாலத்துக்கு ரெண்டு கூட்டம். ஜூன்ல இருந்து சாரல் சீசன். அப்புறம் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். நடுவில் காய்ச்சல் மாதங்கள். ஜூலையில் வந்த காசை ஜூலை வருமானம்னு நினைச்சா, மார்ச்சில் கைமாத்து வாங்கணும்.

ரொம்ப எளிமையான முறை: தொழிலுக்குன்னு உங்க பெயரில் தனியா ஒரு சேமிப்புக் கணக்கு, அதுக்கு மட்டும் ஒரு க்யூஆர் கோடு. வர்ற பணம் எல்லாம் அதில். பொருள் செலவை முதலில் ஒதுக்குங்க. மிச்சத்திலிருந்து மாசாமாசம் ஒரே தொகையை "சம்பளம்" மாதிரி வீட்டுக் கணக்குக்கு மாத்துங்க. நல்ல மாசத்திலும் அதே தொகைதான். அக்காவுக்கு இந்த ஒரு மாற்றம்தான் முதல் மூணு மாசத்திலேயே வித்தியாசம் காட்டுச்சு.

3. செங்கோட்டை தாண்டினா ஜிஎஸ்டி மாறும்

தென்காசிக்காரங்க கவனமா படிக்க வேண்டிய இடம் இது. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினாதான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனா வேற மாநிலத்துக்கு அனுப்பினா, பொதுவாக ஒரு ரூபாய் விற்பனைக்கும் பதிவு வேணும். நமக்குப் புளியரை தாண்டினாலே கேரளா. கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஒரு பார்சல் போட்டாலே வேற மாநில விற்பனை.

நல்ல செய்தி: கைவினைப் பொருளுக்குத் தனிச் சலுகை இருக்கு. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருளாக இருந்து, பெரும்பாலும் கையால் செஞ்சதாக இருந்து, மொத்த ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தா, வேற மாநிலத்துக்கும் பதிவு இல்லாமல் அனுப்பலாம். கையால் வரைந்த ஓவியம் கைவினைப் பட்டியலில் இருக்கு. ரெண்டு நிபந்தனை: பான் எண் வேணும், பார்சலின் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் இ-வே பில் வேணும். "ஐம்பதாயிரத்துக்குக் கீழேதானே" என்கிற வழக்கமான விதி இதுக்குப் பொருந்தாது. நிறையப் பேர் இங்கேதான் தவறுறாங்க.

மூணு எச்சரிக்கை:

ஒண்ணு, அச்சுப் பிரதி. அசல் கைவேலை, ஆனா பிரின்டரில் எடுத்த பிரதியைக் கைவினைன்னு சொல்ல முடியாது. பதிவு இல்லாதவர் பிரதிகளைத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கிறது பாதுகாப்பு.

ரெண்டு, ஆன்லைன் சந்தை. அமேசான் மாதிரி தளம் வழியா விற்க, 2023 அக்டோபர் 1-லிருந்து சிறு விற்பனையாளருக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஆனா மாநிலத்துக்குள் மட்டும். தளத்தில் ஊர் ஊருக்கு அனுப்பப் போறீங்கன்னா முதலில் பதிவு எடுத்துடுங்க. வாட்ஸ்அப்பில் நேரடியா ஆர்டர் எடுத்து அனுப்புறது இந்தக் கணக்கில் வராது. அது உங்க நேரடி விற்பனை.

மூணு, கேரளாவிலிருந்து வந்தவர் உங்க கடையிலேயே வாங்கிட்டுப் போனா? பதிவில்லாத வாடிக்கையாளரின் முகவரியையோ மாநிலத்தின் பெயரையோ பில்லில் எழுதாத வரைக்கும், அது தமிழ்நாட்டு விற்பனைதான்.

பதிவு எடுத்தவங்களுக்கு: கையால் வரைந்த ஓவியத்துக்கு 12% ஆக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5%.

4. வருமான வரி: கட்ட வேண்டியது இல்லைன்னாலும் காட்டணும்

2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி 12 லட்சம் வரை வருமானத்துக்கு, தள்ளுபடி போக, வரி பூஜ்யம். ஆனா மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினா ரிட்டர்ன் போடுறது கட்டாயம். அதுக்குக் கீழே இருந்தாலும் போடுங்கன்னுதான் நான் சொல்வேன். அக்காவோட லோன் நின்னது வரியால இல்லை, ரிட்டர்ன் இல்லாததால.

படம் வரைஞ்சு பொருளாக விற்கிறவருக்கு 44ஏடி பிரிவு வசதி. பெரிய கணக்குப் புத்தகம் தேவையில்லை. வங்கி, யுபிஐ வழியா வந்ததில் குறைந்தது 6%, ரொக்கமா வந்ததில் குறைந்தது 8% லாபம்னு காட்டி ஐடிஆர்-4 போடலாம். டாக்டர், வக்கீலுக்கான 44ஏடிஏ பட்டியலில் ஓவியர் இல்லை, குழப்பிக்காதீங்க. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேற, பழைய எண்ணைத் தேடிக் குழம்ப வேண்டாம்.

முக்கியமான விஷயம்: 6% என்பது குறைந்தபட்சம். உண்மையான லாபம் அதைவிட அதிகம்னா அதைத்தான் காட்டணும். 5 லட்சத்துக்கு விற்று 30,000-தான் லாபம்னு எழுதினா, வங்கியும் உங்களை வருஷத்துக்கு 30,000 சம்பாதிக்கிறவராகத்தான் பார்க்கும். உண்மையைக் காட்டினாலும் வரி பூஜ்யம்தான் என்கிறபோது, குறைச்சுக் காட்டுறது நமக்கு நாமே வைக்கிற ஆப்பு.

5. ஆர்டர் கொடுத்தவர் பணம் தரலைன்னா?

அக்காவுக்கு ஒரு தங்கும் விடுதி 12 படம் ஆர்டர் கொடுத்தது. படம் சுவரில் மாட்டி ஆறு மாசம், பாதிப் பணம் பாக்கி. கையில் இருந்தது வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும்.

உத்யம் பதிவு இலவசம். ஆதார், பான் இருந்தா நீங்களே போடலாம், யாருக்கும் காசு கொடுக்காதீங்க. பதிவு செஞ்ச குறுந்தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாளில், இல்லைன்னா 15 நாளில் வாங்கினவர் பணம் தரணும். தவறினா ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. அதோட, அந்தக் கெடு தாண்டின பாக்கியைக் கட்டுற வரைக்கும் அதை அவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. இந்த ஒரு வரியை நினைவூட்டல் கடிதத்தில் எழுதினா, அவங்க ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்வார்! ஆனா பொருள் கொடுக்கிறதுக்கு முன்னாடியே உத்யம் இருக்கணும். அக்கா விஷயத்தில் இல்லை. அடுத்த ஆர்டருக்கு இருக்கும்.

எப்பவும் 50% முன்பணம். "வித்தா காசு"ன்னு கடையில் வெச்சா, எத்தனை உருப்படி, என்ன விலை, எப்போ கணக்கு முடிப்போம்னு ஒரு தாளில் எழுதி கையெழுத்து வாங்குங்க.

6. படத்தை விற்றீங்க, உரிமையை விற்றீங்களா?

அதே விடுதி, அக்கா வரைஞ்ச அருவியைத் துணிப்பையில் அச்சடிச்சு விற்க ஆரம்பிச்சது. கேட்க முடியுமா?

1957 காப்புரிமைச் சட்டப்படி, நீங்களா வரைஞ்சு வெச்ச படத்தை ஒருத்தர் வாங்கினா, அவருக்குப் படம் மட்டும்தான் சொந்தம். அச்சடிக்கிற உரிமை உங்ககிட்டதான் இருக்கும். எழுத்து மூலமா மாத்திக் கொடுத்தால் ஒழிய அது போகாது. ஆனா ஒருத்தர் காசு கொடுத்து, அவர் கேட்டதுக்காகவே வரைஞ்ச ஓவியத்துக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா, முதல் காப்புரிமை அவருக்குத்தான். ஆர்டர் படம் என்பதால் அக்காவால் ஒண்ணும் செய்ய முடியலை.

தடுக்க ஒரு வரி போதும். இனிமே ஆர்டர் எடுக்கும்போதே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க: "காப்புரிமை ஓவியரிடமே இருக்கும். அச்சிட, விளம்பரத்துக்குப் பயன்படுத்த எழுத்து மூலம் அனுமதி தேவை."

7. லோனுக்கு எங்கே போகலாம்?

தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில், 35 வயது நிரம்பியவங்களுக்கு 3 லட்சம் வரை கடனும், அதில் 25%, அதிகபட்சம் 50,000 வரை மானியமும், 5% வரை வட்டி மானியமும் உண்டு. குறிப்பிட்ட 25 தொழில்களுக்கு மட்டும்தான். உங்க கைவேலை அதில் வருதான்னு மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேளுங்க.

இப்போ அக்கா எப்படி இருக்காங்க? பில் புக் இருக்கு, தனிக் கணக்கு இருக்கு, முதல் ஐடிஆர் போட்டாச்சு. 2,000 ரூபாய் படம் இப்போ 3,700. விற்கிற எண்ணிக்கை குறைஞ்சிருக்கு, கையில் நிக்கிறது கூடியிருக்கு. ஷெட் இன்னும் போடலை. ரெண்டாவது ரிட்டர்னுக்கு இன்னும் ஒரு சீசன் காத்திருக்கணும். எட்டு வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கணக்கை யாராவது சொல்லியிருந்தா, அந்த ஒரு சீசனும் மிச்சம்.

அதனால இன்னைக்கே ஒரு வேலை செய்ங்க. கடைசியா விற்ற ஒரு பொருளை எடுத்து, பொருள் செலவு, மணி நேரம், விற்ற விலை மூணையும் எழுதி வகுத்துப் பாருங்க. வர்ற எண் வலிச்சா, விலையை மாத்த வேண்டிய நேரம் வந்தாச்சு.

அடுத்த பதிவில் சந்திப்போம்.