மலக்குழியில் விளக்குச் சோதனை போதாது
பாழ்கிணற்றில் தூர் வாருமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் குடியானவர்களின் பழைய வழக்கம். கரியமில வாயு காற்றினும் ஒன்றரை மடங்கு கனமுடையதாதலின் அடியில் தேங்கும். அங்கே விளக்கு அணையும். கிணற்றுக்கு இது ஓரளவு நல்ல எச்சரிக்கையே. ஆயின், இதனையே நம்பி மலக்குழியிலும் மூடிய சாக்கடையிலும் இறங்குதல் பேரபாயமாகும்.

அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. அழுகிய முட்டையின் நாற்றமுடையது. பத்து லட்சம் பங்கு காற்றில் இது 100 பங்கு கலந்தாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நீங்கிற்றென்று இறங்கியவன் எண்ணுவான். 1,000 பங்கானால் ஓரிரு மூச்சிலேயே வீழ்வான். இச்சிறு அளவுக்கு விளக்கு அணைவதில்லை. மேலே தெளிந்திருக்கும் குழியும், சேற்றைக் கலக்கியவுடன் இவ்வாயுவைக் கக்கும். உடன் தோன்றும் மீதேன், காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருப்பின், இறக்கிய விளக்கே வெடிக்குக் காரணமாகும்.

பாதுகாப்புச் சாதனமின்றி இவற்றில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்காரரும் பஞ்சாயத்தும் இதற்கு விலக்கல்லர். கழிவு உறிஞ்சும் லாரியின் வாடகையை மிச்சம் பிடிப்பது என்ன சிக்கனமோ!

எவரேனும் உள்ளே வீழ்ந்துவிட்டால், உறவினர் பின்னே குதிக்க விடலாகாது. இரண்டாவது, மூன்றாவது உயிர்கள் அவ்வாறே போகின்றன. உடனே 101 எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழைத்து, விஷவாயு என்பதையும் கூறவேண்டும். சுவாசக் கருவியுடன் அவர்கள் வருவதற்கு அச்சொல் அவசியம்.