பல்கலைக்கழகப் பண்ணைக்குத் தொழுஉரம் விற்க ஒப்பந்தப்புள்ளி எழுதும் முறை



திருவண்ணாமலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் கொண்டு சென்றவர்களுக்கு மறைமுக ஏலம் புதிதல்ல. குவியலைப் பார்த்து வியாபாரிகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் விலை எழுதுவார்கள். அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு போகும். டெண்டர் என்று நாம் சொல்லும் ஒப்பந்தப்புள்ளியும் ஏறக்குறைய இதே முறைதான். ஆனால் இங்கே வாங்குபவர் ஒருவர், விற்பவர் பலர். விலை எழுத வேண்டியவர் நீங்கள். நிபந்தனைகளை நிறைவு செய்தவர்களுள் குறைந்த விலை எழுதியவருக்கே ஆணை கிடைக்கும்.

நம் மாவட்டத்தில் வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரி 2014-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அத்தியந்தலில் சிறுதானிய மகத்துவ மையம் உள்ளது. இத்தகைய பண்ணைகளுக்குத் தொழுஉரம், வைக்கோல், டிராக்டர் உழவு, விடுதிக்குக் காய்கறி, பால் எனப் பல தேவைகள் ஏற்படுவது இயல்பு. இவற்றில் பல உழவரிடம் உள்ள பொருள்களே. எழுதும் முறை தெரியாததால் உழவர் ஒதுங்கி நிற்க, இடைத்தரகர் நம்மிடமே வாங்கி விற்று இலாபம் பார்க்க இடம் உண்டாகிறது.

சட்டம் சொல்வது என்ன?

மாநிலப் பல்கலைக்கழகங்கள் விரும்பியவரிடம் விரும்பிய விலைக்கு வாங்கிவிட முடியாது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2000-இல் வந்தன. அரசுத் துறைகள், உள்ளாட்சி அமைப்புகள், கூட்டுறவு நிறுவனங்கள் ஆகியவற்றுடன் பல்கலைக்கழகங்களும் இச்சட்டத்துக்கு உட்பட்டவை. இதில் நீங்கள் அறிய வேண்டியவை:

1. 2 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு, ஒப்பந்தப்புள்ளி அளிக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும்.

2. முன்வைப்புத் தொகை கொள்முதல் மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது.

3. ஒப்பந்தப்புள்ளி திறக்கப்படும்போது அதை அளித்தவர்கள் உடனிருக்கலாம்.

4. குறைந்த விலையும் சந்தை விலையைவிட அதிகமாக இருந்தால், அந்த விலை எழுதியவருடன் மட்டுமே பேசி விலை குறைக்கலாம்.

5. முடிவில் குறை இருந்தால், ஆணை கிடைத்த 10 நாட்களுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம்.

சிறு தொகைக் கொள்முதலுக்குச் சிலரிடம் விலைப்புள்ளி பெற்று வாங்குவதும் உண்டு. ஆகவே, உங்களிடம் உள்ள பொருளின் விவரத்தையும் முகவரியையும் பண்ணை மேலாளரிடம் எழுத்து மூலம் கொடுத்து வையுங்கள்.

விலை எழுதுமுன் கணக்கு எழுதுங்கள்

எடுத்துக்காட்டாக, ஒரு பண்ணை 100 டன் தொழுஉரம் கேட்கிறது என்று கொள்வோம். குப்பை விலையையும் வண்டி வாடகையையும் மட்டும் கூட்டி, அதன்மேல் நூறு ரூபாய் வைத்து, டன் 1,250 ரூபாய் என்று எழுதுபவர் உண்டு. உண்மைச் செலவு என்ன? ஒரு டன்னுக்குக் கீழ்க்கண்டவாறு வைத்துக்கொள்வோம்.

குப்பை விலை: ரூ. 900
ஏற்றுகூலி: ரூ. 120
வண்டி வாடகை: ரூ. 250
இறக்குகூலி: ரூ. 80
எடைமேடைக் கட்டணம்: ரூ. 10
மொத்தம்: ரூ. 1,360

உலர்வாலும் சிதறலாலும் நிறை குறையும். 100 டன் சேர்க்க 105 டன் ஏற்ற வேண்டும் எனில், டன்னுக்கு அடக்கம் ரூ. 1,428 ஆகிறது. பணம் வர இரண்டு மாதம் ஆகும் என்று கொண்டு, மாதம் 1 சதவீத வட்டி சேர்த்தால் ரூ. 1,457 வரும். 1,250-க்கு எழுதியவர் டன்னுக்கு ரூ. 207 இழப்பார். 100 டன்னுக்கு இழப்பு ரூ. 20,700. ஆணை பெற்ற பின் சரக்கைத் தராவிட்டால் கட்டிய வைப்புத் தொகையும் போய்விடும்.

மேற்கண்டவை விளக்கத்துக்காகக் கொண்ட தொகைகளே. உங்கள் ஊர்க் கூலியையும் வாடகையையும் போட்டு நீங்களே கணக்கிட வேண்டும். அடக்கத்துக்குக் கீழே எந்த நிலையிலும் இறங்கக் கூடாது.

நிபந்தனைகளில் கவனிக்க வேண்டியவை

அளவு எடையிலா, கன மீட்டரிலா, வண்டிக் கணக்கிலா என்று பாருங்கள். எடை எனில் எந்த எடைமேடை, இறக்குகூலி யார் பொறுப்பு என்பதையும் பாருங்கள். தெளிவில்லாதவற்றை இறுதி நாளுக்கு முன்பே எழுத்து மூலம் கேட்டு விளக்கம் பெறுங்கள். வரி, பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம், விலை செல்லுபடியாகும் காலம் ஆகியவற்றையும் விடாமல் படியுங்கள்.

தரமும் முக்கியம். நன்கு மக்கிய தொழுஉரத்தில் சுமார் 0.5 சதம் தழைச்சத்தும், 0.2 சதம் மணிச்சத்தும், 0.5 சதம் சாம்பல் சத்தும் இருக்கும். அது கருமையாக, உதிரியாக, துர்நாற்றமின்றி இருத்தல் வேண்டும். கையில் பிடித்து அழுத்தினால் நீர் சொட்டக் கூடாது. மக்காத குப்பையையும் மண் கலந்த குப்பையையும் அனுப்பினால் வண்டி திரும்பும். அந்த வாடகையும் உங்கள் தலையில்தான் விழும்.

சேர்ந்து எழுதுங்கள்

இரண்டு மாடு வைத்திருப்பவரால் 100 டன் தர இயலாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, பதிவு பெற்ற குழுவோ ஒரே பெயரில் விலை எழுதலாம். ஆனால் யார் எத்தனை டன் தருவது, வண்டி திரும்பினால் இழப்பு யாருடையது, பணம் வந்ததும் எப்படிப் பிரிப்பது என்பனவற்றை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுக் கொள்ளுங்கள்.

இப்போது பல ஒப்பந்தப்புள்ளிகள் தமிழ்நாடு அரசின் மின்னணு இணையதளம் வழியாகப் பெறப்படுகின்றன. இதற்கு மின்னணுக் கையொப்பச் சான்று தேவை. அறிவிப்பு வந்த பிறகு தேடினால் நாட்கள் போதாது. குழுவின் பெயரில் முன்னதாகவே வாங்கி வைப்பது நல்லது. கடைசி நாளின் கடைசி மணி வரை காத்திருக்க வேண்டாம். நேரம் கடந்து வருவது எவ்வளவு குறைந்த விலையாயினும் ஏற்கப்படாது.

முதல் முறை ஆணை கிடைக்காமல் போகலாம். வென்றவரின் விலையைக் குறித்து வைத்து, உங்கள் அடக்கத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டி வாடகையிலோ கூலியிலோ எங்கே குறைக்கலாம் என்பது விளங்கும். அடுத்த அறிவிப்பு வரும்போது அந்தக் கணக்கு கைகொடுக்கும்.