சிறு கடன், சிறு தொழில்

கடைப்பற்றில் சிக்கியவர் படும் பாட்டை நாம் அறிவோம். 1976இல் வங்காளதேசத்தின் ஜோப்ரா என்னும் சிற்றூரில் அத்தகைய நிலையைப் பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் கண்டார். மூங்கில் இருக்கை முடையும் பெண் ஒருவரிடம் மூங்கில் வாங்க ஐந்து டாக்கா இல்லை. வணிகரிடம் கடன் பெற்றார். முடைந்த இருக்கையை அதே வணிகருக்கு, அவர் குறித்த விலைக்கே கொடுத்தார். மிஞ்சியது அரை டாக்கா!

இவ்வாறு கட்டுண்டிருந்த 42 பேருக்குத் தேவைப்பட்ட மொத்தத் தொகை ஏறத்தாழ 27 அமெரிக்க டாலர். பேராசிரியர் தம் பணத்தையே கடனாகக் கொடுத்தார். கடன் கொடுத்தவருக்கே பொருளை விற்கும் கட்டாயம் நீங்கியது. அம்முயற்சியே 1983இல் கிராமின் வங்கியாயிற்று. அங்கு ஈடு கேட்பதில்லை; ஐவர் ஒரு குழுவாகச் சேர்ந்து, வாரந்தோறும் சிறு தொகையாகத் திருப்பிச் செலுத்தினர். அம்முறையைத் தழுவி, 1987இல் நம் நாட்டில் அமானா இக்தியார் மலேசியா தோன்றியது.

ஆயினும் கடன் கடனே. 2010இல் ஆந்திரப் பிரதேசத்தில், ஒரே வேளையில் பல நிறுவனங்களிடம் கடன்பட்ட குடும்பங்கள் தவணை கட்ட இயலாது தத்தளித்தன. கலியாணச் செலவுக்கு வாங்கும் கடன் கூலியைத்தான் தின்னும். தையல் இயந்திரமோ, பலகாரக் கடையோ வாராவாரம் காசு தரக்கூடும். கன்று ஈனாத பசுவை வாங்கினால் முதல் வாரத் தவணைக்குப் பால் ஏது?