மீட்டரை யார் படிப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

கும்மிடிப்பூண்டியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மூன்று பக்கம்; அதில் இரண்டே முக்கால் பக்கம் கோபம். கடைசியில் ஒரு கேள்வி: "நாடு உருப்பட நல்ல தலைவர் வேண்டுமா, இல்லை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டால் போதுமா?" கேள்வியைவிட, நடுவில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மொட்டை மாடியில் ராத்திரி காயப்போட்ட வெள்ளைச் சட்டையை விடிந்து எடுத்தால் கரித்தூள் படிந்திருக்கிறது, பகலில் காயப்போட்டால் அவ்வளவாக இல்லை என்கிறீர்கள். அந்தச் சட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் பக்கத்து உருக்காலைகளில் பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கி வார்க்கிறார்கள். அது உருட்டாலைக்குப் போய்க் கம்பியாகி, நம் வீட்டுத் தூணுக்குள் வந்து உட்காருகிறது. உலையிலிருந்து எழும் புகையை ஒரு ராட்சத விசிறி உறிஞ்சி, வரிசையாகத் துணிப்பைகள் தொங்கும் வடிகட்டிக்குள் தள்ள வேண்டும். தூசி பையில் தங்கும், மிச்சக் காற்று வெளியே போகும். ஆனால் அந்த விசிறி மின்சாரத்தைக் குடிக்கும். நிறுத்தி வைத்தால் கரண்ட் பில்லில் மிச்சம். இருட்டில் புகைக்கு நிறம் ஏது? எல்லா ஆலையும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காக விசிறி ஓட்டுகிறவர்களும் உண்டு. அதே கம்பியை, விசிறியை நிறுத்துகிறவர் டன்னுக்குச் சில ரூபாய் குறைத்து விற்கும்போது முதலில் அடிபடுவது அவர்கள்தான்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி இல்லையா என்றால், இருக்கிறது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தரும் இசைவாணையில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: மாசு தடுப்புக் கருவிக்குத் தனி மின் மீட்டர் வைக்க வேண்டும், அதன் ரீடிங்கை நோட்டில் எழுதிவர வேண்டும். உலை எத்தனை மணி நேரம் எரிந்தது, விசிறி எத்தனை யூனிட் இழுத்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும், ராத்திரி என்ன நடந்தது என்று. அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலேயே அளவி பொருத்தி, எண்களை நேரடியாக அனுப்ப வேண்டும் என்று மத்திய வாரியம் 2014இலேயே உத்தரவு போட்டது. உங்கள் ஊர் அந்தோணிப் பிள்ளை நகரில் காற்றை அளக்கும் தானியங்கி நிலையம் இருக்கிறது. செல்போனில் 'சமீர்' செயலியைத் திறந்தால் அதன் எண் வரும்.

ஆக, கருவிக்குப் பஞ்சமில்லை. எண்ணைப் பார்த்துவிட்டு, "நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

எங்கள் வீட்டுக் கதையையும் கேளுங்கள். திருவள்ளூர் பக்கம் அப்பா விட்டுப்போன நிலம். அண்ணனும் நானுமாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துவிட்டோம். பட்டா மாற வேண்டும். இதில் இரண்டு வகை. நிலத்தைப் பிரிக்காமல் அப்படியே கைமாறினால், பத்திரம் பதிந்த கையோடு கம்ப்யூட்டரே பெயரை மாற்றித்தருகிற முறை வந்துவிட்டது. யாரையும் பார்க்க வேண்டாம், யாருக்கும் காத்திருக்க வேண்டாம். உட்பிரிவு என்றால் கதை வேறு. சர்வேயர் வயலில் இறங்கி அளக்க வேண்டும். எங்களுடையது உட்பிரிவு.

இ-சேவை மையத்தில் மனு போட்டோம். ரசீது வந்தது, குறுஞ்செய்தி வந்தது, சர்வேயர் வரவில்லை. ஒரு மாதம் கழித்து இன்னொரு குறுஞ்செய்தி: மனு நிராகரிக்கப்பட்டது, உரிய ஆவணங்கள் இல்லை. எந்த ஆவணம் என்று ஒரு வார்த்தை இல்லை. மறுபடி போட்டோம், மறுபடி அதே பதில். மூன்றாம் முறை யாரோ ஒருவர் அண்ணனைப் போனில் கூப்பிட்டு, ஒரு நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னார். அலுவலகத்துக்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தமே இல்லை, அது ஒரு செருப்புக் கடைக்காரருடையது. என்னிடம் சொல்லாமல் அண்ணன் அனுப்பிவிட்டார். அதே ஆவணங்கள்தான். ஒன்பதாம் நாள் பட்டா வந்தது.

லஞ்ச ஒழிப்புத் துறை பொறி வைக்கும்போது ரூபாய் நோட்டில் பினாப்தலீன் பொடி தடவிக் கொடுப்பார்கள். வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். ஜிபேயில் அந்தப் பொடி ஒட்டாது. இன்னொன்று: 2018இல் சட்டத்தைத் திருத்தியபின் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். அண்ணன் இதை என்னிடம் சொன்னதே இரண்டு மாதம் கழித்துத்தான்.

பணம் போனதைவிட அந்த நிராகரிப்புதான் என்னை உறுத்தியது. பிறகு யோசித்ததில் புரிந்தது. மேலிடத்துத் திரையில் தெரிவது 'நிலுவை எத்தனை' என்ற எண். நிராகரித்த மனு நிலுவையில் சேராது. எங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பியவர், வேலையைச் சுறுசுறுப்பாக முடிப்பவர் என்று ஆய்வுக் கூட்டத்தில் பெயர்கூட வாங்கியிருக்கலாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னது. நிராகரித்தவை எத்தனை, அவற்றில் எத்தனை மனு அதே ஆவணங்களோடு பிறகு தேறியது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த நிலக் கணக்கெல்லாம் ஒரு காலத்தில் ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அப்பனுக்குப் பின் பிள்ளை என்று வந்த பதவி. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் அதை ஒழித்தது. பிறகு தேர்வெழுதிய கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அந்த முடிவுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. ஊருக்கு ஊர் செல்வாக்குள்ள ஒரு கூட்டத்தைப் பகைத்துக்கொள்ளும் துணிச்சல் தேவைப்பட்டது. கர்ணம் போய்விட்டார். பெட்டிச் சாவி மட்டும் இன்னும் யார் கையிலாவது சிக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

சாவியைப் பிடுங்கிப் பார்த்தவர்கள் உண்டு. சியோல் நகர மேயர் கோ குன் 1999இல் ஒரு காரியம் செய்தார். எந்த மனு எந்த அதிகாரியின் மேசையில் எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்பதை ஊரே பார்க்கும்படி இணையத்தில் போடவைத்தார். பக்கத்துக் கர்நாடகத்தில் 2012இல் வந்த 'சகாலா' திட்டத்தில், கெடு தாண்டினால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் மனுதாரருக்குத் தர வேண்டும். தவறிய அதிகாரியின் சம்பளத்திலிருந்து அது பிடிக்கப்படும். நிராகரித்தால் மேல்முறையீடும் உண்டு. இருபது ரூபாய் இந்தக் காலத்தில் ஒரு காசா என்பீர்கள். சம்பளப் பட்டியலில் அந்தப் பிடித்தத்தைப் பார்த்து மேலதிகாரி கேட்பாரே ஒரு கேள்வி, அதற்குத்தான் பயம். இங்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று மனு கொடுத்துக் கொடுத்துக் களைத்தவர்கள் ஏராளம்.

தலைவர் பற்றிக் கேட்டீர்களே, உங்கள் மாவட்டத்திலேயே ஒன்று சொல்கிறேன். தீரர் சத்தியமூர்த்தி 1939இல் சென்னை மேயரானார். மேயர் பதவி ஓராண்டுதான். ஆட்சி வெள்ளைக்காரனுடையது, உலகப் போர் தொடங்கிவிட்ட நேரம், இவரோ சிறைக்குப் போய்வந்த காங்கிரஸ்காரர். நகரத்தின் தாகத்துக்குக் கொசஸ்தலையாற்றில் பூண்டியில் நீர்த்தேக்கம் வேண்டும் என்று நின்று, அரசின் சம்மதத்தை வாங்கினார். 1940இல் அடிக்கல் விழுந்தது. 1943 மார்ச்சில் அவர் இறந்துபோனார். 1944இல் வேலை முடிந்தது. அதன் தண்ணீரை அவர் பார்க்கவில்லை.

பூண்டியில் எனக்குப் பிடித்தது இன்னொன்றும் உண்டு. முழு மட்டம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. மழைக்காலம் வந்தால் தினமும் பேப்பரில் வரும், டீக்கடையில் பேசுவார்கள். அந்த எண்ணை ஊரே படிப்பதால் அதில் யாரும் விளையாட முடிவதில்லை. உங்கள் ஊர் விசிறி மீட்டருக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் உங்கள் மாவட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். எனக்கு எழுதிய கோபம் அதில் ஒரு வரிகூட வேண்டாம். 'ஏன்' என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். 'நகல் தருக' என்று கேளுங்கள். சந்தேகப்படும் ஆலையின் கடைசி மூன்று மாதத் தனி மின் மீட்டர் நோட்டின் நகல், அதே நாட்களில் உலை ஓடிய நேரக் குறிப்பு, அதிகாரிகள் நேரில் வந்து எழுதிய ஆய்வறிக்கை. இந்த மூன்று போதும். நோட்டு ஆலையிடம்தான் இருக்கிறது என்று பதில் வரலாம். வேறு சட்டப்படி வாரியம் கேட்டு வாங்கக்கூடிய விவரமும் இந்தச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவின்படி தகவல்தான் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட மறக்காதீர்கள், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் எதுவானாலும் எனக்கு ஒரு நகல் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்